பரணை அறையாக்குதல்: ஒப்புதலும் உறுதியும்

பரண் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. தினைப்புனங் காப்போர் விலங்கிற்கு எட்டா உயரத்திற் கட்டிய காவல்மேடையும் பரணே. நம் வீடுகளிற் பழம்பாயும் பித்தளை அண்டாவும் ஏற்றிவைக்கும் மேலிடமும் பரணே. இவ்விரண்டிற்கும் பொதுவாய இயல்பு ஒன்றுண்டு. ஏறுவாரையும் ஏற்றப்படுவனவற்றையும் தாங்குதற்கு அடியில் ஒன்று உறுதியாக நிற்றல் வேண்டும் என்பதே அது. இங்கிலாந்து நாட்டிற் சரிவான ஓட்டுக்கூரையின் கீழுள்ள வெற்றிடத்தை மக்கள் வாழும் அறையாக மாற்றுங்கால், அதற்கு வேண்டும் ஒப்புதல் யாது, தாங்கல் யாது என்னும் இரண்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இலக்கியம் பயிலும் மாணவர் தச்சரும் கொற்றரும் பேசுதற்குரிய இப்பொருளை எடுத்தது என்னை என வினவுவார் உளராகலாம். அதற்குக் காரணம் கூறுதும். சென்ற கோடை விடுமுறையில், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஈஸ்ட் ஹாமில் வாழும் எம் சிறிய தந்தையார் இல்லத்தில் ஐந்து கிழமை தங்கினேம். அவ்வில்லம், பக்கச்சுவர்களை அயலாரோடு பகிர்ந்துகொண்டு தெருநெடுக வரிசையாக நிற்கும் பழைய வீடுகளுள் ஒன்று. எம் பாட்டியாரும் அவருடன் வாழச் சென்றமையின் இடம் போதாதாயிற்று. ஆகவே, பரணை அறையாக்கித் தம் ஆண்மக்கள் இருவரையும் அங்கே துயிலச் செய்யக் கருதினார் சிறிய தந்தையார். வேலையை ஏற்க வந்த ஒருவர், “இதற்கு அனுமதி வேண்டுவதில்லை, ஆதலாற் கணக்கும் வேண்டுவதில்லை. பலகை பரப்பி ஏணி ஒன்று வைத்தால் மூன்று கிழமையில் முடிந்துவிடும்” என்றார். இக்கூற்றின் முற்பாதி பெரும்பாலும் மெய். பிற்பாதி முற்றும் பிழை. மெய்யோடு ஒட்டிவந்த பிழையாதலின் அதனைப் பிரித்தறிதல் எளிதாயிருக்கவில்லை. அதனைப் பிரித்தறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை.

1. ஒப்புதல் ஒன்றன்று, மூன்று

வீடு கட்டுவோனுக்கு விதி வகுத்தல் பண்டே உள்ள வழக்கம். புதுவீடு கட்டுவோன், மேலிருந்து ஒருவரும் விழாதபடி மேற்றளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்னும் கட்டளை உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் உளது. இலண்டன் நகரம் 1666ஆம் ஆண்டிற் பெருந்தீயால் அழிந்தபின், 1667இல் இயற்றப்பட்ட சட்டம், புதுவீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுக என்றும், சுவர்கள் இன்ன கனம் உடையனவாக இருக்க என்றும் விதித்தது. இவையெல்லாம் உயிர்காக்கும் விதிகள். தெருவின் தோற்றம், அயலாரின் வெளிச்சம், நிலத்தின் பயன் என்பவற்றை நாடு முழுமைக்கும் ஒருங்கே கருதும் விதி நெடுங்காலம் கழித்தே வந்தது. 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1948 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நகர நாட்டுப்புறத் திட்டச் சட்டம் அதனை நிலைநாட்டிற்று. தோற்றங் கருதும் விதி வேறு, உயிர் கருதும் விதி வேறு என்பதனை மாணவர் முதற்கண் உளங்கொள்க.

முதலாவது திட்ட ஒப்புதல். சிறு மாற்றம் ஒவ்வொன்றிற்கும் மன்றத்தார் தனித்தனி ஆணை தருதல் இயலாதாகலின், வழக்கமான மாற்றங்கள் சிலவற்றிற்குப் பொதுவான இசைவு முன்னரே அளிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்திற்குரிய 2015ஆம் ஆண்டின் ஆணை அவ்விசைவின் எல்லைகளை வரையறுக்கின்றது. கூரையைப் பெருக்குதற்குரிய எல்லைகளுள் தலையாயவை வருமாறு:

(அ) கூரையிடம், வரிசைவீடாயின் 40 கன மீட்டருக்கும், தனிவீடோ இரட்டைவீடோ ஆயின் 50 கன மீட்டருக்கும் மேற்படப் பெருகலாகாது. முன்னிருந்தோர் கூட்டிய பகுதியும் இக்கணக்கிற் சேரும்.

(ஆ) புதுப்பகுதி பழைய கூரையின் முகட்டினும் உயரலாகாது.

(இ) தெருவை நோக்கிய முகப்புச் சரிவினின்று புறத்தே துருத்தலாகாது.

(ஈ) புறத்தே தோன்றும் பொருள்கள் பழையனவற்றை ஒத்திருத்தல் வேண்டும். மேன்முற்றமும் மேடையும் கூடா.

(உ) பக்கச்சாளரம் உட்காட்டாக் கண்ணாடி உடையதாய், தரையினின்று 1.7 மீட்டர் உயரத்திற்குக் கீழே திறவாததாய் இருத்தல் வேண்டும்.

(ஊ) பின்புறத்தே எழுப்பும் சாளரமாடம் இறவாரத்தினின்று பொதுவாக 20 சென்டிமீட்டரேனும் உள்வாங்கி நிற்றல் வேண்டும்.

முதல் எல்லையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். சரிவான கூரையினின்று செங்குத்தாக எழுந்து, தட்டையான மேல்மூடி உடைய சாளரமாடத்தை அந்நாட்டார் டார்மர் என்பர். அது கூட்டும் வெளி பக்கவாட்டில் நோக்க ஒரு முக்கோணம். அகலம் 5 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், உட்செல்லும் ஆழம் 4 மீட்டர் எனின், மூன்றனையும் பெருக்கி இரண்டால் வகுக்க வருவது 24 கன மீட்டர். வரிசைவீட்டிற்குரிய 40இற்குள் இஃது அடங்குதலின் தனி விண்ணப்பம் வேண்டுவதின்று. பழைய வீடு என்பதற்கும் சட்டம் ஒரு பொருள் கூறும்: 1948 ஜூலை 1ஆம் நாளில் நின்ற நிலை; அதன்பின் கட்டியதாயின் கட்டி முடித்த நிலை.

இவ்விசைவு எல்லார்க்கும் உரியதன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும், தொன்மை கருதிப் பேணப்படும் பகுதிகளுக்கும் இது பொருந்தாது. வரலாற்றுச் சிறப்புக் கருதிப் பட்டியலிட்ட கட்டடங்களுக்குத் தனி இசைவு வேண்டும். சிற்சில தெருக்களில் மன்றத்தார் தனியாணையால் இவ்வுரிமையை நீக்கியும் இருப்பர். ஆதலின், உரிமை உண்டென்று தாமே முடிவு செய்யாது, மன்றத்தாரிடமிருந்து எழுத்தாற் சான்று பெற்றுக்கொள்வதே அறிவுடைமை. பின்னர் வீட்டை விற்குங்கால் அச்சான்று பேசும்.

இரண்டாவது கட்டட விதிகளின்படி பெறும் ஒப்புதல். 1984ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் கட்டட விதிகளையும் அடிப்படையாக உடையது இது. சுவரின் உறுதி, தீயினின்று தப்பும் வழி, படியின் அமைப்பு, வெப்பங் காத்தல் ஆகியவற்றை இது நோக்கும். பரணை வாழும் அறையாக்குவோர் எவர்க்கும், திட்ட ஒப்புதல் வேண்டினும் வேண்டாவிடினும், இது வேண்டும். மேற்கூறிய வேலைக்காரர் வழுவியது இவ்விடத்தேயாம். “அனுமதி வேண்டா” என்பது முதலாவதைப் பற்றியது. “கணக்கு வேண்டும்” என்பது இரண்டாவதைப் பற்றியது. ஒன்றில்லாமை மற்றொன்றில்லாமைக்கு ஏதுவாகாது. தருக்க நூலார் இதனை ஏதுப்போலி என்பர்.

மூன்றாவது அயலாரின் இசைவு. புதிய உத்திரங்கள் பெரும்பாலும் இருவர்க்கும் பொதுவாகிய சுவரிலேயே தலைவைக்கும். 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்தின்படி, அச்சுவரைத் துளைக்கக் கருதுவோர் இரண்டு திங்களுக்கு முன் அயலார்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். பதினான்கு நாளில் அவர் இசையாராயின், வழக்கு எழுந்ததாகவே கொள்ளப்படும். அளவையர் அமர்ந்து தீர்ப்பர். இவையன்றி, பரணில் வௌவால் வாழுமாயின், அதன் உறையுளைக் குலைத்தலும் அந்நாட்டிற் குற்றமாம்.

2. கூரை நிற்கும் வகை

இனி உறுதியைப் பற்றிக் கூறுவாம். சிறிய தந்தையார் இறுதியிற் கட்டமைப்புப் பொறியர் ஒருவரை அழைத்தார். அவ்வம்மையார் கைவிளக்கோடு பரணில் ஏறியபொழுது யாமும் உடன் ஏறினேம். அவர் காட்டியவாறே கூறுதும்.

பழைய ஓட்டுக்கூரையில், இறவாரத்தினின்று முகடு வரை சாய்ந்து செல்வன கைமரங்கள். இருபுறக் கைமரங்களும் முகட்டில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும். நீண்ட கைமரம் இடையில் தொய்யாதபடி, அதன் நடுவே குறுக்காக ஓடிக் கீழிருந்து தாங்குவது இடைவளை. இடைவளையைத் தாங்கி, அதன் சுமையை வீட்டின் உட்சுவருக்கு இறக்குவது முட்டுக்கால். கைமரங்களின் அடிகள் இரண்டையும் இணைத்துக் கிடையாகக் கிடப்பன கீழ்ச்சட்டங்கள். இவற்றின் அடியிலேதான் மேலறையின் உட்கூரை பூசப்பட்டிருக்கும்.

இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். மேசை வழுவழுப்பாயின் அடிகள் விலகிச் சீட்டுகள் வீழும். இரண்டு அடிகளையும் ஒரு நூலாற் கட்டினால் நிற்கும். அந்நூலின் தொழிலைக் கூரையிற் செய்வன கீழ்ச்சட்டங்களே. அவை பார்வைக்குப் பலகை தாங்கும் சட்டங்களாய்த் தோன்றினும், உண்மையிற் சுவர்கள் வெளித்தள்ளுண்டு விலகாதபடி இழுத்துப் பிடிக்கும் கயிறுகள். படிக்கு வழிவிட அவற்றை அறுக்குங்கால், அறுபட்டவற்றின் சுமையையும் இழுப்பையும் ஏற்க இருமடங்கு சட்டங்களைச் சுற்றிலும் அமைத்தல் வேண்டும்.

1960களிலிருந்து அந்நாட்டிற் பரவிய கூரைகள் வேறுவகையின. மெல்லிய சட்டங்களை ஆங்கில எழுத்தாகிய டபிள்யூவின் வடிவாக இணைத்து, ஆணித்தகட்டால் இறுக்கித் தொழிற்சாலையிலிருந்து கொணர்ந்து நிறுத்துவர். அதன்கண் ஒவ்வோர் உறுப்பும் ஒன்று இழுக்கப்படும், அன்றி ஒன்று அழுத்தப்படும். வீணான உறுப்பு ஒன்றும் இல்லை. இடைஞ்சலென்று ஒன்றை வெட்டின் முழுவதும் வலியிழக்கும்.

எம் சிறிய தந்தையார் வீடு பழைய வகையினது. ஆயினும், முட்டுக்கால் நான்கனுள் இரண்டு அங்கே இல்லை. பெட்டிகள் வைக்க இடம் வேண்டி முன்னிருந்தோர் யாரோ அறுத்தெடுத்திருந்தனர். அறுத்த அடிகள் மட்டும் தெரிந்தன. பொறியர் எம்மைத் தெருவிற்கு அழைத்துச் சென்று, எதிர்ப்புற நடைபாதையினின்று முகட்டை நோக்குமாறு கூறினார். அயல்வீடுகளின் முகடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க, இவ்வீட்டின் முகடு மட்டும் நடுவே தாழ்ந்திருந்தது. நாள்தோறும் அவ்வழியே வந்துபோன எங்களுள் ஒருவரும் அதனைக் கண்டிலேம்.

3. உட்கூரை தளமாகாமை

பரணின் கீழ்ச்சட்டங்கள் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் உயரமே உடையன. உட்கூரையின் பூச்சையும் சில பெட்டிகளையும் தாங்குதற்கே அவை அமைந்தன. கணக்கிடுவோர் அத்தகைய பரணுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.25 கிலோநியூட்டன் சுமையே கொள்வர்; இது சுமார் 25 கிலோகிராம். வாழும் அறையின் தளத்திற்கோ 1.5 கிலோநியூட்டன், அஃதாவது சுமார் 150 கிலோகிராம் கொள்வர். 20 சதுர மீட்டர் அறையொன்றில், முன்னது 500 கிலோகிராம். பின்னது 3,000 கிலோகிராம். கட்டிலும் நூலடுக்கும் ஓடியாடும் சிறுவரும் ஆறுமடங்கு சுமை என்று கொள்க. தளத்தின் சொந்த எடை இதற்குப் புறம்பு.

பொறியர் எம் கையிலிருந்த அடிக்கோலை வாங்கி, தட்டையாகப் பிடித்து அழுத்தினார், வளைந்தது. அதனையே விளிம்பில் நிறுத்தி அழுத்தினார், வளையவில்லை. மரம் அதுவே, எடையும் அதுவே. நின்ற நிலை ஒன்றே வேறு. சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கைப் பொறுத்தது. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். இனி, தாங்கும் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தொலைவோ எனின், அடிக்கு இத்துணைச் சுமையென ஒரே சீராகப் பரந்த சட்டத்தில் அது இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும். ஆகவே, தளத்தை உறுதியாக்கும் வழிகள் இரண்டு: சட்டத்தின் உயரத்தைக் கூட்டல், இடைத்தொலைவைக் குறைத்தல். பரணில் தலைநிமிரும் உயரமே அரிதாகலின் முதல்வழி விரைவில் முடியும். இரண்டாம் வழிக்கு எஃகு உத்திரம் துணை.

4. புதிய தாங்கல்

வரிசைவீட்டிற் பெரும்பாலும் செய்வது இது. முன்புறத்தொன்றும் பின்புறத்தொன்றுமாக இரண்டு எஃகு உத்திரங்களை, ஒரு பொதுச்சுவரினின்று மற்றொரு பொதுச்சுவர் வரை கிடத்துவர். புதிய தளச்சட்டங்கள் அவற்றிடையே, பழைய கீழ்ச்சட்டங்களின் நடுநடுவே, உட்கூரையைத் தொடாமற் சற்று உயர்ந்து ஓடும். தொட்டால், மேலே சிறுவர் நடக்குந்தோறும் கீழே பூச்சு விள்ளும். பின்புறம் டார்மர் எழுப்பின், முகட்டில் மூன்றாவது உத்திரம் வேண்டும். கைமரங்களின் தலை அதன்மேல் தொங்குதலின், அடிகள் வெளித்தள்ளும் தள்ளலும் ஒழியும். முன்புறத்தே, தள உத்திரத்தின்மேல் குறுஞ்சுவர் ஒன்றை மரச்சட்டத்தால் எழுப்பி, இடைவளைக்கு மாறாக அதுவே கைமரங்களைத் தாங்குமாறு செய்வர். ஆகவே, அவ்வுத்திரம் தளத்தோடு கூரையின் ஒரு பங்கையும் சுமக்கும்.

உத்திரத்தின் முனையை வெறுஞ்செங்கல்லின்மேல் வைக்கலாகாது. பெருஞ்சுமை சிற்றிடத்தில் அமரின் செங்கல் நொறுங்கும். ஆகையாற் காங்கிரீட்டாலான தாங்குகல்லின்மேல் வைத்துச் சுமையைப் பரப்புவர். அதன்பின்னும் வினா முடியவில்லை. அச்சுமை எங்கே செல்லும்? சுவரின் வழியே இறங்கும். வழியிற் சாளரமோ வாயிலோ உண்டாயின், அதன் மேற்கட்டை தாங்குமா? அடியில் அடித்தளம் தாங்குமா? முகட்டிலிருந்து மண் வரை சுமை இறங்கும் வழியை இடையறாது பின்தொடர்ந்து செல்வதே பொறியரின் கணக்கு. ஓரிடத்தில் வழி அற்றால் மற்றெல்லாம் வீண்.

வேலையின் முறையும் கணக்கின் பகுதியே. புது உத்திரம் அமர்ந்து, சுமை அதன்மேல் ஏறிய பின்னரே பழைய முட்டுக்காலை அகற்றல் வேண்டும். ஐந்து மீட்டர் நீளமுள்ள உத்திரம் படிவழியே செல்லாதாகலின், இரண்டு மூன்று துண்டுகளாகக் கொணர்ந்து, பரணில் போல்ட்டு முடுக்கி இணைப்பர்.

5. தீயும் படியும்

எஃகு எரியாது, ஆயினும் வெம்மையில் தளரும். 600 பாகை செல்சியசில் அது தன் வலியிற் பாதிக்கு மேல் இழக்கும். ஆதலின், அதனைத் தீத்தாங்கும் பலகையால் மூடுவர்.

தளத்தினும் அரியது தப்பும் வழி. இரண்டு நிலை வீட்டில் தீப்பற்றினால், மேனிலைச் சாளரத்தின் வழியே ஒருவாறு இறங்கலாம். மூன்றாம் நிலையினின்று இறங்குதல் அரிது. ஆகவே, தரையினின்று 4.5 மீட்டருக்கு மேற்பட்ட புதிய நிலைக்கு, மேலறை முதற் புறவாயில் வரை படி முழுவதும் அரைமணி நேரம் தீயைத் தடுக்கும் சுவரும், தீயைத் தடுக்கும் கதவும் உடையதாய் இருத்தல் பொதுவிதி. நிலைதோறும் மின்னிணைப்புள்ள புகையறி கருவி அமைத்து, ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்குமாறு இணைப்பர். படியின்மேல் தலைக்கு 2 மீட்டர் இடைவெளி வேண்டும். பரணில் அஃது இயலாதாயின், படியின் நடுவே 1.9 மீட்டரும் ஓரத்தே 1.8 மீட்டரும் போதும் என்பர்.

பொறியரின் கணக்கையும் அதற்காகும் பொருட்செலவையும் கண்ட சிறிய தந்தையார் முதலில் உவந்தாரல்லர். “தம்பி, கண்ணுக்குத் தெரியாத இரும்புக்கு இவ்வளவு பணமா?” என்று எம்மை வினவினார். யாம் விடை அறியாது நின்றேம். பாட்டியாரே விடை கூறினார்: “பிள்ளைகள் தலைக்குமேல் என்ன இருக்கிறதென்று நீ பார்த்தாய். பிள்ளைகளுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவள் பார்க்கிறாள்.” அதன்பின் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் அயலார் இருவர்க்கும் அறிவிப்பு எழுதப்பட்டது.

யாம் திரும்பிய பின்னரே வேலை தொடங்கிற்று. ஆய்வாளர் இடையிடையே வந்து, உத்திரங்களை மூடுமுன் கண்டு சென்றனர் என்றும், முடிவிற் சான்றிதழ் கிடைத்தது என்றும் சிறிய தந்தையார் மடல் எழுதினார். தம்பியர் இருவரும் இப்பொழுது அங்கே துயில்கின்றனர். முகடும் நேராயிற்று என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்.

நண்பர்காள்! ஒப்புதல் தரும் தாள், கட்டடத்தை நிறுத்தாது. கட்டடத்தை நிறுத்துவன உத்திரமும் தாங்குகல்லும் அடித்தளமுமே. எனினும், அவை உள்ளனவா என்று உரிய காலத்தில் ஒருவர் கேட்குமாறு செய்வது அத்தாளே. ஆதலின் இரண்டும் வேண்டும். நாம் எந்நாட்டில் வாழினும், நம் வீட்டின்மேல் ஒரு நிலை எழுப்பக் கருதுங்கால், “அனுமதி வேண்டுமா?” என்னும் வினாவோடு நில்லாது, “இச்சுமை எவ்வழியே மண்ணுக்கு இறங்கும்?” என்னும் வினாவையும் கேட்பேமாக. முன்னதற்கு மன்றத்தார் விடையளிப்பர். பின்னதற்கு விடை கிடைக்கும் வரை ஒரு முட்டுக்காலையும் அறுத்தல் தகாது.